விசாரணை: இல்லை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்கப் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பது நியாயமா, கடைசிப் பந்தயம் ஒன்றிலேயே தீர்மானிப்பது நியாயமா என்று உங்களில் யாரும் என்னிடம் வந்து கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கடைவீதியில் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள். போன மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். அன்றைக்கு அழுத்தம் கூடித்தான் இருந்தது.

செல்வி டீச்சர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். இப்போது அவர்தான் நமது கார்ப் பந்தயச் சங்கத்தின் தலைமை நடுவர். கொடியை எப்படிப் பிடிப்பது, எந்த வளைவில் எத்தனை பேர் நிற்பது, மழை வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார். அதில் எனக்கு வேலையில்லை. நான் தலைமை நடுவராக இருந்தபோது செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதச் சொன்னார். "நீங்களே எழுதினாத்தான் மாஸ்டர் புதுசா வந்தவங்க நம்புவாங்க" என்றார். அவர் இன்னும் என்னை முழுசாக மன்னிக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

மாஸ்டர் என்பது பந்தயத்தால் வந்த பெயரில்லை. முப்பது வருடம் கந்தப்பளையில் சாரதிப் பயிற்சிப் பாடசாலை நடத்தினேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லொறியும் வேனும் ஓட்டோவும் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர்களே ஞாயிற்றுக்கிழமையில் பழைய ஜப்பான் கார்களின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, கைவிடப்பட்ட தேயிலை மலையில் வெட்டிய மண்பாதையில் பந்தயம் ஓடினார்கள். வாரநாளில் நான் அவர்களை மெதுவாகப் போகச் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை வேகமாகப் போனவருக்குக் கோப்பை கொடுப்பேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு முன்னால் தலைமை நடுவராக இருந்தவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். எனக்கு அவர்மேல் அப்போது பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. சரியான நச்சரிப்பு. பந்தயம் முடிந்து எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, முடிவுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஜெயித்தவரைக் கூப்பிட்டு எதிரே நாற்காலியில் உட்கார வைப்பார். யாருமே குறை சொல்லி முறைப்பாடு செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பத்துக் கேள்வி கேட்பார். எந்தச் சுற்றில் யாரை முந்தினாய், எந்தப் பக்கமாக முந்தினாய், உனக்கு வழிவிட்டது யார், ஏன் விட்டார். கேட்டதையெல்லாம் கையால் எழுதுவார். ஜெயித்தவருக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒருமுறை ஒருவரை இப்படி உட்கார வைத்து, அதுவும் போதாதென்று காரின் பொனட்டை எல்லாருக்கும் முன்னால் திறக்கச் சொல்லிவிட்டார். எஞ்சினில் ஏதோ தில்லுமுல்லு என்று இரண்டு மாதமாக ஆட்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். திறந்து, அளந்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் கோபத்தோடு, "யாருமே கேக்காதத நாம ஏங்க கேக்கணும்?" என்றேன். "ஜெயிச்சவன் சுத்தம்னு நாம எழுதிக் குடுக்கலன்னா வேற யாருங்க எழுதிக் குடுப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஆளைப் பற்றிய கிசுகிசு அன்றோடு நின்றது. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அவர் விலகி நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நான் நிறுத்திய முதல் காரியம் இந்த விசாரணைதான். முடிவுத்தாளில் 'விசாரணை' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் முறைப்பாடு வராத நாளெல்லாம் 'இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு நல்ல பெயர். மாஸ்டர் வந்தபிறகு வேலை சுருக்காக முடிகிறது என்றார்கள்.

இனி சிவநேசன் கதைக்கு வருகிறேன்.

சிவநேசன் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். நுவரெலியாவில் முட்டைக்கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, திரும்பும்போது உரமூட்டையோடு ஏறி வருவார். அவருக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஏழாம் நம்பர் கார். அவரைப்போல் மண்ணில் கார் ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. ஒருவரை இடித்துவிட்டு முந்தினார் என்று ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை.

வருடத்துக்கு ஆறு பந்தயம். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டி, அதிகம் வைத்திருப்பவர் அந்த வருடத்து வெற்றியாளர். இதுதான் பழைய முறை. சிவநேசன் ஒரு வருடம் நாலாவது பந்தயத்திலேயே யாரும் எட்டிப்பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார். மிச்ச இரண்டு பந்தயத்துக்கும் ஆளே வரவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு மணியை அடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அடுத்த கூட்டத்தில் புதுமுறை ஒன்றைக் கொண்டு வந்தார். முதல் ஐந்து பந்தயப் புள்ளிகளை வைத்து நாலு பேரைத் தேர்ந்தெடுப்பது. பிறகு அந்தப் புள்ளிகளையெல்லாம் அழித்துவிடுவது. ஆறாவது பந்தயத்தில் பன்னிரண்டு காரும் ஓடும். ஆனால் அந்த நாலு பேரில் யார் முதலில் வருகிறாரோ அவர்தான் அந்த வருடத்து வெற்றியாளர். "கடைசி நிமிசம் வரைக்கும் சனம் நகராது மாஸ்டர்" என்றார்.

எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. நாலு பேருக்கு எல்லாமே அந்த ஒரு பந்தயம். மிச்ச எட்டுப் பேருக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. இழக்க ஒன்றுமில்லாத எட்டுப் பேரை, எல்லாவற்றையும் பணயம் வைத்த நாலு பேரோடு ஒரே பாதையில் விட்டால் என்ன நடக்கும்? அந்த எட்டுப் பேரில் ஒருவர் நாலு பேரில் ஒருவருக்கு உறவாக இருந்தால்? நம்ம ஊரில் யாருக்கு யார் உறவில்லை? இதை எழுந்து சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேநீரும் சுடச்சுட வடையும் வந்தன. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிவிட்டேன். வாயில் வடையோடு என் கையும் மேலே போனது.

சிவநேசனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சண்டை பிடிக்கவில்லை. "எங்கம்மா கொழுந்து எடுக்கிற மாதிரிதான் மாஸ்டர்" என்றார். "நேத்து கூடை நெரம்பி வழிஞ்சிருக்கும். இன்னைக்கு நிறை கொறஞ்சா அரைப்பேருதான். நேத்து எடுத்தத யாரு கேக்கிறா?" அரை நாள் சம்பளத்துக்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று சொல்வது உங்களுக்கெல்லாம் தெரியும். நான் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

புதுமுறை வந்த அந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொழும்பிலிருந்து ஒரு பந்தயக் குழுக்காரர், இறுதியில் வெற்றி பெறுகிறவருக்குத் தமது குழுவில் ஓட்ட இடம் கொடுப்பதாகச் சொன்னார். சிவநேசனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவருக்கு அது முதல் வாய்ப்பு, கடைசி வாய்ப்பும் அதுதான். முதல் ஐந்து பந்தயத்தில் நாலை ஜெயித்தார். பிறகு எல்லாம் அழிக்கப்பட்டு, ஒன்றுக்கு மேல் ஜெயிக்காத மூன்று பேரோடு ஒன்றாகக் கோட்டில் போய் நின்றார்.

அந்த மூன்று பேரில் நிமல் என்று ஒருவர். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நல்ல ஓட்டக்காரர், நல்ல மனுசன். நாலாவது இடத்தில் ஒட்டிக்கொண்டு இறுதிக்கு வந்திருந்தார். மிச்ச எட்டுப் பேரில் குமார் என்று ஒருவன். சிவநேசனுடைய மனைவியின் தம்பி. அவனும் என்னிடம் படித்தவன்தான்.

பந்தயம் பதினைந்து சுற்று. காலையில் வெயில் நன்றாகத்தான் இருந்தது. பத்தாவது சுற்றில் மலைக்கு மேலிருந்து மூடுபனி இறங்கியது. நான் நின்ற மேடையிலிருந்து பார்த்தால் மேட்டு வளைவு தெரியவில்லை. அங்கே கொடியோடு நின்றவர் செல்வி டீச்சர். அப்போது அவர் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை, கொடி பிடிக்க வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சிவநேசன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நிமல் அவருக்குப் பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைந்தது. இன்னும் இரண்டு சுற்று போனால் பிடித்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பன்னிரண்டாவது சுற்றில் மேட்டு வளைவுக்குப் போன சிவநேசன் பனியிலிருந்து வெளியே வந்தார். நிமல் வரவில்லை. வோக்கி டோக்கியில் செல்வி டீச்சரின் குரல் வந்தது.

"மாஸ்டர், நிமல் மண்மேட்டுல ஏறிட்டாரு. ஆளுக்கு ஒன்னுமில்ல. ஆனா மாஸ்டர், குமார் கை காட்டுனான்."

"என்ன?"

"ஒரு சுத்துப் பின்னால ஓடிக்கிட்டிருந்தான். நான் வழிவிடச் சொல்லி நீலக் கொடி காட்டுனேன். இடது பக்கம் ஒதுங்கி, வெளிய கைய நீட்டி, வாங்கன்னு கூப்பிட்டான். நிமல் வலப்பக்கமா முந்த ஏறுனாரு. ஏறினதும் குறுக்க வந்து வழிய மூடிட்டான்."

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம்ம மலைப்பாதையில் முன்னால் போகும் லொறிக்காரர் வலது கையை வெளியே நீட்டிப் பின்னாலிருந்து முன்னால் அசைத்தால் என்ன அர்த்தம்? முன்னால் பாதை எனக்குத் தெரிகிறது, எதிரே வண்டியில்லை, பயப்படாமல் என்னை முந்தி ஏறி வா. பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பனி. அந்தக் கையை மட்டும் நம்பித்தான் ஏறுவார். முகம் தெரியாத ஆளின் கையை நம்பி எத்தனை தடவை நீங்களும் நானும் உயிரோடு வீடு வந்து சேர்ந்திருக்கிறோம்! லைசன்ஸ் பரீட்சைக்கு அந்தக் கையசைவை நான்தான் குமாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "இத விளையாட்டுக்குக்கூடக் காட்டக்கூடாது" என்று சொல்லியே கொடுத்தேன்.

நான் செல்வி டீச்சரிடம் கேட்டது இதுதான்: "தொட்டானா?"

"தொடல மாஸ்டர். இவரு தப்பிக்கத் திருப்பித்தான் மேட்டுல ஏறுனாரு."

"அப்ப விடுங்க."

எங்கள் விதிப்புத்தகத்தில் இடித்தால் குற்றம், தள்ளினால் குற்றம், கொடியை மதிக்காவிட்டால் குற்றம். குமார் இடிக்கவில்லை. நீலக் கொடியைப் பார்த்ததும் ஒதுங்கியும் இருந்தான். கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியவர்களுக்கு இப்படியொரு யோசனை வந்திருக்காது, அவர்களும் இந்தப் பாதையில் ஓட்டிய மனுசர்கள்தானே.

சிவநேசன் முதலில் வந்தார். கந்தப்பளையிலிருந்து வந்த சனம் அவரைத் தோளில் தூக்கியது. தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கொட்டகைக்குள் முடிவுத்தாளோடு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் வாசலில் நின்றுகொண்டு, "சுருக்கா முடிங்க மாஸ்டர், கொழும்புக்காரரு பனி கூடுறதுக்குள்ள எறங்கணுங்கிறாரு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நிமல் உடம்பெல்லாம் சேறாக வந்தார். முறைப்பாடு எழுதப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"என்னான்னு எழுதுறது மாஸ்டர்? என்னைத் தொடவே இல்லையே" என்றார். பிறகு, "கை காட்டினா போறதுதானே. ரோட்டுல அப்படித்தானே நாங்க உயிர் தப்புறோம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். குழந்தை மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து செல்வி டீச்சர் முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தார்.

"நான் பார்த்தத எழுதித் தாரேன் மாஸ்டர். குமாரக் கூப்பிட்டுக் கேளுங்க. சிவநேசனையும் கேளுங்க."

"முறைப்பாடு இல்ல டீச்சர். விதியும் இல்ல."

"கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

நான் கத்தினேன். "ரெண்டு வருசமாக் கொடி புடிச்சுட்டு எனக்குச் சொல்லித் தர வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் கேட்டேன். அதற்கு இங்கே எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மனதில் ஓடியதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய முறையாக இருந்தால் சிவநேசன் எப்போதோ ஜெயித்திருப்பார். நாலு பந்தயம் ஜெயித்த மனுசன். உரியவருக்குத்தானே போகிறது, எந்த வழியில் போனால் என்ன என்று நினைத்தேன். முறை செய்த அநியாயத்தைக் குமார் செய்த அநியாயம் சரிக்கட்டிவிட்டது, நான் எதற்கு நடுவில் புகுந்து கெடுக்க வேண்டும்? விசாரித்தால் சிவநேசன் பெயரும் உள்ளே வரும், அவர் மனம் நோகும். நான் அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் சிவநேசன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோப்பையைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"குமார் கை காட்டுனது எனக்குத் தெரியாது மாஸ்டர். மறுநாள் மார்க்கெட்டுலதான் தெரியும். மூட்டை எறக்குறவன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், மச்சானுக்கு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்கீங்க போலன்னு."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? நீங்க என்னையக் கேட்டீங்களா? அன்னைக்கே எல்லாருக்கும் முன்னால ஒக்கார வச்சு, குமாரயும் என்னையும் கேட்டிருந்தா, கோப்பை போனாலும் எம்பேரு நின்னிருக்கும். நீங்க விசாரணை இல்லைன்னு எழுதிட்டீங்க. நான் எதக் காட்டி இல்லைன்னு சொல்லுவேன்?"

கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வாசல்வரைக்கும் ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து குமாரைக் கூப்பிட்டேன். வந்தான். மழுப்பவில்லை. "காட்டுனேன் மாஸ்டர். மச்சானுக்கு ஒன்னும் தெரியாது. சொல்லியிருந்தா என்னைய அடிச்சே கொன்னிருப்பாரு" என்றான்.

"ஏன்டா செஞ்ச?"

"வருசம் முழுக்க ஜெயிச்சாரு. நீங்கெல்லாம் சேந்து கை தூக்கி அழிச்சீங்க. நீங்க அழிச்சத நான் திருப்பி எழுதுனேன். அவ்வளவுதான்."

அறைந்திருப்பேன். அறைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவன் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு கொழும்புக் குழுக்காரரோடு தொலைபேசியில் பேசினேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். அவர் காதுக்கும் கதை எட்டி, சிவநேசனுக்குச் சொன்ன இடத்தை நிறுத்தி வைத்திருந்தார். "அன்றைக்கே விசாரித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் ஒன்றுமில்லை. இப்போது இத்தனை நாள் கழித்து, சொந்த மச்சான் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து நான் என்ன செய்வது?" என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் அவர் வரவேயில்லை.

சங்கம் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? கூட்டம் போட்டது. முறையை மாற்றுவார்கள் என்று பார்த்தால், சனம் நிறைய வருகிறது, மாற்ற முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாக விதிப்புத்தகத்தில் புதுசாக ஒரு வரி சேர்த்தார்கள்: பந்தயத்தின்போது சாரதிகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது. இப்போது எல்லாக் காரிலும் ஜன்னலுக்கு வலை கட்டியிருப்பதைப் பார்க்கிறீர்களல்லவா? பாதுகாப்புக்கு என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். குற்றம் செய்தது கை என்று தீர்ப்பாகி, கையைக் கட்டிப்போட்டார்கள். எழுந்து சத்தம் போட்டேன். இந்தத் தடவை வடை வருவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த வருட முடிவில் விலகிக்கொண்டேன்.

ஆகவே எந்த முறை நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்தது பழைய முறை. ஆனால் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது இந்த முறை. ஒரு வருடத்தையே ஒரு வளைவில் கொண்டுபோய்த் தொங்கவிடுகிற முறை. அப்படியென்றால் அந்த வளைவில் என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும். முறைப்பாடு வந்தாலும் கேளுங்கள், வராவிட்டாலும் கேளுங்கள். செயலாளர் வாசலில் நின்று கத்தட்டும். தோற்றவருக்காக மட்டும் விசாரணை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் ஜெயித்தவரைக் கெடுத்தேன்.

கடைசியாக ஒன்று. இதைச் செல்வி டீச்சரிடம்கூட நான் சொன்னதில்லை.

போன வருடம் கண்டியிலிருந்து என் சின்னக் காரில் ஏறி வந்துகொண்டிருந்தேன். இறம்பொடை தாண்டியதும் பகல் மூன்று மணிக்கே பனி அடைத்துக்கொண்டது. எனக்கு முன்னால் உரமூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஊர்ந்தது. பின்பலகையில் மஞ்சள் பெயின்ட்டில் ஏழு என்று எழுதியிருந்தது. யாருடைய லொறி என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு வளைவில் லொறி இடது பக்கம் ஒதுங்கியது. வலது ஜன்னலிலிருந்து கை வெளியே வந்தது. பின்னாலிருந்து முன்னால், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, நிதானமாக அசைந்தது. ஏறி வாங்க.

அந்த மனுசன் தன் வாழ்நாளில் யாருக்கும் பொய்க்கை காட்டாதவர். இந்த உலகத்தில் அதை என்னைவிட நிச்சயமாகத் தெரிந்தவன் யாருமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் அக்சிலேட்டரை மிதிக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, அப்படியே லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். அந்தக் கை இன்னும் ஒரு தடவை அசைந்தது. பிறகு மெதுவாக உள்ளே போய்விட்டது.

மேலே கொஞ்சம் அகலமான இடத்தில் அவர் லொறியை ஓரங்கட்டி நிறுத்தினார். நானும் நிறுத்தி, இறங்கிப் போனேன். பனி, கண் முன்னைப்போல இல்லை, வயசாகிவிட்டது என்று எதையெதையோ உளறினேன். சிவநேசன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"பரவால்ல மாஸ்டர்" என்றார். "இப்பல்லாம் தெரிஞ்சவங்க யாரும் என் கையப் பாத்து ஏறி வர்றதில்ல. வெளியூர் வண்டிங்கதான் வரும்."